தை மாதத் தோட்டமும் அத்தையின் முழுக்கைச் சட்டையும்

தேன்மொழி, பிரபு, உங்கள் இரண்டு பேருக்கும் அப்பா எழுதுவது.

உங்கள் அத்தை நம்மை விட்டுப் போய் இந்தத் தைக் கடைசியோடு ஒரு வருடம் ஆகிறது. முதலாம் ஆண்டு நினைவுக்கு மலர் போட வேண்டும், கூடப் பிறந்தவன் என்ற முறையில் அதில் நான் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று உங்கள் பெரியப்பா சொன்னார். நான் பத்தாவது வரை படித்தவன். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவன். எப்படி எழுதுவது என்று தெரியாமல் விழித்தபோது, வேறு வீடுகளில் அடித்த மலர்கள் சிலவற்றை மாதிரிக்குக் கொண்டுவந்து கொடுத்தார். படித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒன்றைத்தான் எழுதியிருக்கிறார்கள். அன்பின் வடிவம், பொறுமையின் சிகரம், எல்லோராலும் நேசிக்கப்பட்டவர்.

அந்தக் கடைசி வார்த்தையை நான் எழுத மாட்டேன். உங்கள் அத்தையை எல்லோரும் நேசிக்கவில்லை. அவர் விளைய வைத்த கத்தரிக்காயை எல்லோரும் நேசித்தார்கள். இது தெரிந்தும் அப்படி எழுதினால் அந்தப் புண்ணியவதிக்கு நான் தம்பியே இல்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் கூடவே படித்துக்கொள்ளட்டும்.

அத்தை பிறந்தது நம் உறுவையாறு ஊரில், நாம் குடியிருக்கும் இதே வீட்டில். எங்கள் அப்பா குத்தகைக்குக் கரும்பு வைத்தவர். மூத்தவர் உங்கள் பெரியப்பா, நடுவில் அத்தை, கடைசி நான். அத்தை எட்டாவது படிக்கும்போது வலது கை விரல் மடிப்பில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. சுண்ணாம்பு பட்டிருக்கும் என்று எங்கள் அம்மா சீயக்காய் போட்டுத் தேய்த்தாராம். போகவில்லை என்று மறுநாளும் தேய்த்தாராம். “தோல்தான் போச்சி, புள்ளி போவல” என்று அத்தை பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்வார். ஒரு வருடத்துக்குள் இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை வெளுத்துவிட்டன. பிறகு முழங்கை, பிறகு உதட்டோரம். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். தோலில் நிறம் குறைகிறது, வலிக்காது, யாருக்கும் ஒட்டாது, வெயிலில் மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். டாக்டர் சொன்னதை ஊர் கேட்கவில்லை. ஊர் அதற்கு வேறு ஒரு பெயர் வைத்திருந்தது. அந்தப் பெயரை இந்த மலரில் நான் அச்சேற்ற மாட்டேன்.

அதோடு படிப்பு நின்றது. பெண் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் கேசரி சாப்பிடும் வரை நன்றாகத்தான் பேசினார்கள். தட்டை வாங்க அத்தை கையை நீட்டியதும் எழுந்துகொண்டார்கள். அதில் ஒரு அம்மாள் போகிற போக்கில், “மூடி வெச்சி ஏமாத்தப் பாத்தீங்களே” என்றாராம். மூடியா வைத்தோம்? கையால்தானே கேசரி கொடுத்தோம்? சாப்பிட்டதற்கு அப்புறம்தானே கண் தெரிந்தது?

கல்யாணம் இல்லை என்று ஆன பிறகு அத்தை கழனி வேலைக்குப் போனார். நடவு, களையெடுப்பு எதற்குப் போனாலும் பகலில் பெண்கள் வரப்பில் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி கொண்டுவந்த குழம்பை இன்னொருத்தி தொட்டுக்கொண்டு சாப்பிடுவது வழக்கம். அத்தையைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார்கள். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். மூன்றாம் நாள் அத்தை தூக்குவாளியோடு எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார். எங்கள் அம்மா, “ஏன்டி பாதியில வந்துட்ட?” என்று கேட்டதற்கு, “இன்னும் தள்ளித் தள்ளி ஒக்கார்ந்தா நம்ப வூடே வந்துடும்மா, அதான் நானே வந்துட்டேன்” என்றார். சொல்லிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தில் மண்வெட்டியைப் போட்டார். நம் தோட்டம் உண்டானது அப்படித்தான். யாரும் ஆசைக்கு வைத்த தோட்டம் இல்லை அது. பக்கத்தில் உட்கார ஊர் விடாததால் வந்த தோட்டம்.

ஒவ்வொரு வருடமும் தை பிறந்ததும் அத்தை அதைத் தயார் பண்ணுகிற விதத்தை நீங்கள் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள். ஆனால் நீங்களே இறங்கிச் செய்தது இந்த வருடம்தான். ஆகவே எழுதி வைக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் இறுகிப் போயிருக்கும், கோரை மண்டியிருக்கும். மார்கழியில் பனி இருக்கும்போதே அத்தை கோரையைப் பிடுங்க ஆரம்பிப்பார். மேலே அறுத்தால் போதாது, அடியில் இருக்கும் கிழங்கோடு வர வேண்டும். பொங்கல் முடிந்த கையோடு மண்ணைக் கொத்திப் புரட்டி, கட்டி கட்டியாக அப்படியே வெயிலில் போட்டுவிடுவார். அவசரப்பட்டு உடைக்க மாட்டார். மண் காய்ந்து, மேலே வெளுத்து, காலால் தட்டினால் உதிரும் பதம் வந்த பிறகுதான் எருக்குழியைத் திறப்பார். எருவைக் கூடையில் அள்ளிவந்து கையால் உதிர்ப்பார். அடுப்புச் சாம்பலைத் தூவுவார். பிறகு பாத்தி. கீரைக்கு அகலமாக, வெண்டைக்கு நீளமாக, பாகலுக்கும் புடலைக்கும் ஓரத்தில் குழியாக. கடைசியில் சவுக்குக் கழி நட்டுப் பந்தல். பங்குனி வெயில் வருவதற்குள் கொடி ஏறி நிழல் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. சித்திரையில் ஊர் முழுக்கக் காய்ந்து கிடக்கும்போது நம் பின்பக்கம் மட்டும் பச்சையாக இருக்கும்.

இத்தனையும் செய்கிற கை, விதையை மட்டும் போடாது.

இதுதான் என் வயிற்றெரிச்சல். நம் பக்கம் ஒரு வழக்கம் இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். வருடத்தின் முதல் விதையைக் கைராசி உள்ளவர் போட வேண்டும். சுமங்கலியாக, பிள்ளை பெற்றவராக, உடம்பில் குறை இல்லாதவராக இருக்க வேண்டும். எங்கள் அம்மா காலத்திலிருந்து எதிர் வீட்டு அம்மாளைத்தான் கூப்பிடுவார்கள். அவர் பட்டுச் சேலையில் வருவார். அத்தை வெட்டி, காயவைத்து, எருப் போட்டுச் சமப்படுத்திய பாத்தியில் கால் விரலால்கூட மண்ணைத் தொடாமல் நின்று, கிண்ணத்திலிருந்து நாலு விதையைப் போட்டுவிட்டு, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போவார். அத்தை மாட்டுக் கொட்டகை ஓரம் நிற்பார். பிறகு காய்த்தால், “என் கை வெச்சா அப்படித்தான்” என்று எதிர் வீட்டு அம்மாள் தெரு முழுக்கச் சொல்வார்.

அம்மா போன பிறகும் அத்தையே போய் அவரைக் கூப்பிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு தையில் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு, “ஒழைக்கிறது நீ, ராசி அவங்களுக்கா? நீ போடுக்கா இன்னிக்கி” என்று சண்டை போட்டேன்.

“வுடுடா. அவ போட்டாத்தான் அவ வாங்கிட்டுப் போவா. நான் போட்டேன்னு தெரிஞ்சா அந்தக் காயி அவளுக்கு எறங்குமா?”

“எறங்கலன்னா போவட்டும்.”

“போவட்டுமா? நான் போட்ட வெண்டைக்காயி முத்திப் போயி ஆட்டுக்குப் போவணுமா? நீ இன்னாத்தக் கண்ட! குடு இப்டி.”

கிண்ணத்தை வாங்கிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போய்விட்டார். காய் வீணாகக் கூடாது, நாலு பேர் சாப்பிட வேண்டும். அதற்காகத் தன்னையே கொட்டகை ஓரம் நிறுத்திக்கொண்டவர் அவர். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. உங்களுக்கும் அது வேண்டாம்.

வாங்க வருகிறவர்களும் அப்படித்தான். கீரைக்கு வந்தால் வேலிக்கு வெளியே நின்றுகொண்டு உங்கள் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். “நீ பறிச்சிக் குடும்மா, நீ பறிச்சாத்தான் தழைதழையா வரும்” என்று தேன் ஒழுகப் பேசுவார்கள். அத்தை பாத்தியிலேயே குந்தியிருப்பார். பரங்கிக்காயில் இயற்கையாக வருகிற வெள்ளைத் திட்டைக் காட்டி ஒருவர், “உங்க வூட்டுக் காயிகூட புள்ளி புள்ளியாத்தான் காய்க்குது” என்று கேலி பேசினார். அத்தை அசரவில்லை. “ஆமா, என்னை மாதிரியே அழகா இருக்குது, தூக்கிட்டுப் போ” என்றார். அந்த மனிதர் தூக்கிக்கொண்டுதான் போனார். மாசி மகத்துக்கு ஆற்றங்கரையில் நடக்கும் சாப்பாட்டுக்கு அத்தை வருடா வருடம் கத்தரிக்காய் கூடை கூடையாகக் கொடுப்பார். அதை அரிய அவரை உட்கார விட்டதில்லை. பறித்தது அந்தக் கை, அரிந்தால் மட்டும் ஒட்டிக்கொள்ளுமா? எந்த ஊர் நியாயம் இது? சாம்பாரில் கிடந்த கத்தரிக்காயை எல்லோரும் ரெண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை என் கண்ணால் பார்த்தேன்.

சட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துப் பெண்கள் வெளிவேலைக்குச் சேலைமேல் ஆண்பிள்ளைச் சட்டை போடுகிறவர்கள்தான். அத்தையும் என் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்வார். மற்றவர்கள் வெயிலுக்குப் போட்டார்கள். அத்தை ஊருக்காகப் போட்டார். வெயில் பட்டால் அந்த இடம் எரியும் என்று போட்டிருந்தால் நான் ஏன் கேட்கப் போகிறேன்? மேகம் மூடிய நாளிலும் போட்டார். வேலிப் பக்கம் யாரும் இல்லாதபோது கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு வேலை செய்வார். தெருவில் பேச்சுக் குரல் கேட்டதும் இறக்கிவிட்டு, எருக் கையோடு பொத்தானைப் போடுவார். அதனால் அந்தச் சட்டையில் பொத்தான் பக்கம் மட்டும் கறுப்பாக இருக்கும். தன் வீட்டுத் தோட்டத்தில், தன் மண்ணில், ஒருவர் அப்படிப் பொத்தான் போட்டுக்கொண்டு வாழ்ந்தார்.

என்னைப் படிக்க வைத்தது அந்தத் தோட்டம். உங்கள் அம்மா வேலைக்குப் போன காலத்தில் உங்கள் இருவரையும் வளர்த்தது அந்தக் கை. சோறு ஊட்டியது அந்தக் கை. உங்களுக்கு ஏதாவது ஒட்டியதா?

போன தையிலும் அத்தை பாத்தி எல்லாம் போட்டு முடித்துவிட்டார். பாகல் விதையைக் கிண்ணத்தில் ஊறப்போட்டிருந்தார். மறுநாள் காலை எதிர் வீட்டு அம்மாளைக் கூப்பிடப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே எழுந்தவர், கிணற்றடியில் விழுந்தார். மூளையில் ரத்தம் கட்டிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் கண்ணைத் திறந்து பார்த்தார், பேச்சு வரவில்லை. தைக் கடைசியில் போய்விட்டார். நாம் வீட்டுக்கு வந்தபோது விதைகள் கிண்ணத்திலேயே முளைவிட்டு அழுகிக் கிடந்தன.

அன்று நடந்ததையும் நீங்கள் மறக்கக் கூடாது. உடம்பைக் குளிப்பாட்டப் பங்காளி வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டோம். ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஒருவர் அப்போதுதான் தலை குளித்துவிட்டதாகச் சொன்னார். ஒருவர் குடம் மட்டும் எடுத்துவந்து தள்ளி வைத்தார். அழுகைக்கு மட்டும் குறைவில்லை, வாசலில் வட்டமாக உட்கார்ந்து கட்டிப் பிடித்து அழுதார்கள். அத்தையை யாரும் தொடவில்லை. அப்போதுதான் உங்கள் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். நமக்குப் பால் ஊற்றும் அம்மாள் கேனை இறக்கி வைத்துவிட்டு, “தள்ளுங்கம்மா, அழுவறவங்க அழுவுங்க” என்று உள்ளே வந்தார். அந்த இரண்டு பேர்தான் குளிப்பாட்டினார்கள். பால் தெளித்த அன்று, நம் வழக்கப்படி சுடுகாட்டில் நவதானியம் தூவினோம். அத்தைக்காக, கைராசி பார்க்காமல், யாரையும் கூப்பிடாமல் விதை விழுந்தது அன்றைக்குத்தான்.

போன வருடம் முழுக்கத் தோட்டம் சும்மா கிடந்தது. இந்தப் பொங்கல் முடிந்ததும் தேனு, நீதான் முதலில் மண்வெட்டியை எடுத்தாய். நல்லது. ஆனால் அந்த உச்சி வேளையிலும், பிறகு வெயில் தாழ்ந்த சாயங்காலத்திலும், வீட்டுக்குள்ளும்கூட முழுக்கைச் சுடிதாரையே நீ போட்டுக்கொண்டிருந்தது என் கண்ணை உறுத்தியது. ஆடி மாதம் உன் முழங்கையில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு வெள்ளை வந்ததும், உன் பெரியம்மா உன்னைத் தனியே கூப்பிட்டு, “கைய மூடிக்கோடி” என்று சொன்னதும் எனக்குத் தெரியும். இதை மலரில் எழுதலாமா என்று உன்னைக் கேட்டேன். “எழுதுப்பா, பேரோட எழுது” என்றாய். அதனால் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பாத்தி முடிந்து நல்ல நேரம் பார்த்து விதை போட இருந்தோம். அந்த நேரத்தில்தான் உங்கள் பெரியப்பா டவுனிலிருந்து மலரின் அட்டையை அச்சடித்துக் கொண்டுவந்தார். வாங்கிப் பார்த்தேன். பின்னால் ஒரு அருவி. முன்னால் ஒரு அம்மாள். முகம் முழுக்க ஒரே நிறம், கை இரண்டும் ஒரே நிறம், பவுடர் டப்பாவில் போட்ட படம் போல. கழுத்தில் அத்தை ஆயுளில் போடாத இரட்டை வடச் சங்கிலி.

“இன்னாண்ணே இது? யாரு இது?”

“யாருன்னா? தங்கச்சிதான். ஸ்டுடியோக்காரன் கொஞ்சம் சரி பண்ணிக் குடுத்தான்.”

“இன்னாத்த சரி பண்ணான்? அக்கா இன்னா ரிப்பேரா ஆயிருந்துச்சி?”

பிரபு, நீ எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது உனக்கு நினைவிருக்கும். “இவங்கள பஸ்ல பாத்தா எந்திரிச்சி சீட்டு குடுப்பேன் பெரிப்பா. அத்தைன்னு கூப்ட மாட்டேன்.”

“நீ சும்மா இருடா” என்று அண்ணன் அதட்டினார். பிறகு குரலை இறக்கினார். “ஏன் செஞ்சேன்னு கேளு, அப்பறம் கத்து. மலரு ஊரு பூராப் போவுது. நாளைக்கி இந்தப் பொண்ணுக்கு வரன் பாக்கணும். பாக்கறவன் இன்னா சொல்வான்? அத்தைக்கு இருந்துச்சி, பொண்ணுக்கும் இருக்குது, வம்சத்துலயே இருக்குதுன்னு சொல்வான். யாருக்காவ செஞ்சேன் நானு? எனக்காவவா?”

அண்ணன் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் கோபம். நல்லவர்கள், நம் நன்மைக்கு என்று சொல்லிக்கொண்டு, செத்துப் போனவர் கையையும் மூடுகிறார்கள். அந்தக் கையைப் படத்தில் அழித்தால் அத்தையின் வாழ்க்கையில் என்ன மிச்சம்? அந்தக் கையால்தானே கல்யாணம் நின்றது, அந்தக் கையால்தானே தோட்டம் வந்தது? ஆனால் தேனு, உன் கல்யாணம் என்று சொன்னதும் நான் என்ன பேசுவது? என் கோபத்துக்கு நீ விலை கொடுக்க வேண்டுமா? படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நீ பாகல் குழி ஓரம் கோரைக் கிழங்கைத் தேடிக்கொண்டிருந்தாய். எல்லாம் உன் காதில் விழுந்திருக்கிறது. எழுந்து, மண் கையோடு சுடிதார் கையை மேலே சுருட்டினாய். முழங்கையில் இருந்தது தெரிந்தது. மணிக்கட்டில் புதிதாக ஒன்று வந்திருந்தது, அது எனக்கே அன்றுதான் தெரியும்.

“மண்ணு கொத்தும்போது முழுக்கை இடைஞ்சலா இருக்குது பெரிப்பா” என்றாய்.

அந்த நேரம் பார்த்து எதிர் வீட்டு அம்மாள் பட்டுச் சேலையில் வந்து நின்றார். வரும் வழியிலேயே அண்ணன் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். “நல்ல நேரம் போவுது, கிண்ணத்தக் குடுங்க” என்று கையை நீட்டியவர், உன் கையைப் பார்த்தார்.

“இன்னாடி தேனு இது, உங்க அத்தை மாதிரியே...”

“ஆமாங்க, அத்தை மாதிரியேதான். தோட்டத்தையும் அவங்க மாதிரியே போடலாம்னு இருக்கேன். ஒண்ணுதான் வேற. வெதைய நானே போடப் போறேன்.”

“பொண்ணு பேசறதப் பாருங்க!” என்று அவர் உங்கள் அம்மாவைப் பார்த்தார். உங்கள் அம்மா விதைக் கிண்ணத்தை எடுத்துவந்து உன் கையில் கொடுத்தார்.

நீ குந்தி உட்கார்ந்து கீரை விதையை மணலில் கலந்து அகலப் பாத்தியில் தூவினாய். வெண்டையை இடைவெளி விட்டு ஊன்றினாய். பாகல் விதையைக் குழிக்குள் கையை விட்டு வைத்து மண்ணை மூடினாய். தெருவில் ஆட்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். நீ கையை இறக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு அந்த அம்மாளிடம் சொன்னாய்: “கீரை வந்ததும் நானே பறிச்சிக் குடுப்பேன். வாங்கணும்னா வாங்குங்க.”

“அடுப்புல பாலு வெச்சிட்டு வந்தேன்” என்று சொல்லிக்கொண்டே அவர் போய்விட்டார். வெற்றிலை பாக்குத் தட்டு அப்படியே இருந்தது. பிரபு பாக்கை எடுத்து மென்றான்.

பிறகு நீ உன் போனை எடுத்துப் பெரியப்பாவிடம் காட்டினாய். போன தையில் நீ எடுத்த படம். அத்தை பாத்தி ஓரம் குந்தி எருவை உதிர்க்கிறார். வேலிப் பக்கம் யாரும் இல்லை போலிருக்கிறது, சட்டைக் கையைச் சுருட்டியிருக்கிறார். இரண்டு வெள்ளைக் கையும் நன்றாகத் தெரிகிறது. “எருவோட இன்னாத்துக்குடி புடிக்கிற?” என்று சிரிக்கிற சிரிப்பு அப்படியே விழுந்திருக்கிறது.

“இதப் போடுங்க பெரிப்பா. எனக்கு வர்றவன் இதப் பாத்துட்டு வரட்டும். பாத்துட்டு வரலன்னா கேசரி மிச்சம்.”

அண்ணன் போனைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போகும்போது வாசலில் நின்று என்னிடம், “ஊர்ல கேட்டா நான் சொல்லலன்னு சொல்லிடு” என்றார். சரி, சொல்லிவிடுகிறேன்: இந்த மலரின் அட்டையில் உள்ள படம் பெரியப்பா சொல்லிப் போட்டது இல்லை. அவர் தங்கையை அவர் அடையாளம் கண்டுகொண்டார், அது போதும்.

இனி நன்றி. மலர் என்றால் கடைசியில் நன்றி சொல்ல வேண்டும், நானும் சொல்கிறேன். ஆனால் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் வரை அத்தையின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு பேச்சுக் கொடுத்த நர்ஸ் பெண்ணுக்கு நன்றி. எங்கள் அக்காவைத் தொட்டுக் குளிப்பாட்டிய பால்கார அம்மாளுக்கு நன்றி. அவர் நடுவில் ஒருவரை வைக்காமல் கடைசி வரை அத்தை கையிலிருந்தே கீரை வாங்கிப் போனவர். என் மனைவிக்கு நான் நன்றி சொன்னால் சிரிப்பாள், ஆகவே பிள்ளைகளே, நீங்கள் சொல்லுங்கள். படத்தை மாற்றச் சொன்னபோது ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல், “நல்ல சிரிப்பு சார்” என்று மட்டும் சொன்ன அச்சகத்துத் தம்பிக்கு நன்றி.

நினைவு நாளுக்கு வரும் உறவினர்களுக்கு ஒன்று. சாப்பாட்டில் கீரை மசியல் இருக்கும். அது தேன்மொழி தன் கையால் விதைத்து, தன் கையால் பறிக்கப் போகிற கீரை. இப்போதுதான் மண்ணைத் தள்ளிக்கொண்டு சிவப்பாக முளைவிட்டிருக்கிறது. அன்றைக்கு இளங்கீரையாகப் பறிக்க வந்துவிடும். தெரிந்தே சாப்பிடுங்கள். வேண்டாதவர்கள் இலையில் ஒதுக்கி வைக்காமல் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். எங்கள் அக்கா சொன்ன மாதிரி, விளைந்தது வீணாகக் கூடாது.

தேனு, டாக்டர் சொன்னபடி வெயிலுக்கு என்றால் முழுக்கை போட்டுக்கொள், குடையும் பிடித்துக்கொள். ஊருக்காகப் போடாதே. உன் அப்பா உயிரோடு இருக்கும்வரை இந்த வீட்டில் யாரும் கொட்டகை ஓரம் நிற்க வேண்டியதில்லை. பிரபு, நாளைக்கு உனக்குப் பெண் பார்க்கப் போகும்போது இதை நினைவில் வைத்துக்கொள். கேசரியைச் சாப்பிட்டுவிட்டுக் கையைப் பார்க்கிறவனாக நீ இருந்தால் அன்றைக்கு இந்த மலரைக் கிழித்துப் போட்டுவிடு.

மேலே உள்ளதை எழுதி முடித்த மறுநாள் மதியம் நீங்கள் யாரும் வீட்டில் இல்லை. மாட்டுக் கொட்டகை ஆணியில் அத்தையின் சட்டை ஒரு வருடமாக அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. கீழே இறக்கி உதறினேன். கத்திரிக்கோல் எடுத்து இரண்டு கையையும் முழங்கைக்கு மேலே வெட்டினேன். வெட்டிய துணியை நீளமாகக் கிழித்து, பாகல் குழிக்குமேல் நட்ட சவுக்குக் கழிகளைக் குறுக்குக் கழிகளோடு சேர்த்து அழுத்திக் கட்டினேன். ஆட்டிப் பார்த்தேன், பந்தல் அசையவில்லை. பிறகு அந்த அரைக்கைச் சட்டையைத் துவைத்து, தெருப் பக்க வேலியின்மேல் காயப்போட்டேன்.